மூன்றாவது பாட்டையும் கேளுங்கள்: ஆல்பத்தை முழுதாகக் கேட்கப் பழகுவோருக்கு, சேலத்திலிருந்து

பழைய பஸ் ஸ்டாண்டில் தனியார் டவுன் பஸ் ஏறி அம்மாப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் நாலு பாட்டாவது காதில் விழுந்துவிடும். நாலும் தெரிந்த பாட்டாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் ஏறினாலும் அதே பென் டிரைவ், அதே வரிசை. டிரைவர் அண்ணனைக் குறை சொல்லிப் பயனில்லை. படியில் தொங்குகிற பையனிலிருந்து மடியில் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மா வரை எல்லோரும் கூடவே முணுமுணுக்கிற பாட்டைத்தான் அவர் போட முடியும். வம்பு என்னவென்றால், சொந்தப் போனையும் நாம் டவுன் பஸ் மாதிரியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு படத்தில் ஒன்றிரண்டு பாட்டு ரொம்பப் பிடிக்கும், மீதிப் பாட்டுகளின் பெயர்கூடத் தெரியாது என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆல்பம் என்று நான் சொல்வது ஒரு படத்தின் பாட்டுகள் மொத்தத்தையும். சினிமாவுக்கு வெளியே வருகிற தனியிசைத் தொகுப்புகளுக்கும் முறை ஒன்றுதான். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராகம் கண்டுபிடிக்கிற வேலையும் கிடையாது. ஒரு போன், சுமாரான இயர்போன், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்காத பாட்டெல்லாம் புதையல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இடைவேளைக்குப் பிறகு ஒரு டூயட் வேண்டும் என்பதற்காகவே போட்ட பாட்டுகள் நம் படங்களில் ஏராளம். அவற்றை மறந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு பாட்டு ஏன் தெரியாமல் போனது என்று தேடிப்போனால், பல நேரம் காரணம் பாட்டுக்குள் இருக்காது. படம் ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போயிருக்கும். படம் நீளம் என்று சொல்லி அந்தப் பாட்டைத் தூக்கியிருப்பார்கள். அல்லது கதையில் சாவு வீட்டில் வருகிற பாட்டாக இருக்கும். அதைக் கல்யாண மண்டபத்திலும் போட முடியாது, மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட்டிலும் போட முடியாது. பிறகு எப்படி ஊருக்குத் தெரியும்?

கேசட் செய்த உபகாரம்

கேசட் காலத்தில் இந்தப் பாட்டுகளுக்கு ஒரு வழி இருந்தது. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று கேசட் வரும். ஓடிய படத்துக்காக வாங்கினால் ஓடாத படத்தின் பாட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமானால் ஃபார்வர்டு பட்டனை அழுத்திவிட்டு, எங்கே நிறுத்துவது என்று குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டும். ஒன்று, அதே பாட்டின் கடைசிச் சரணத்தில் போய் நிற்கும். இல்லையென்றால் அடுத்த பாட்டின் நடுவில் நிற்கும். அந்தச் சள்ளைக்குப் பயந்தே ஓடவிட்டார்கள். ஓடி ஓடியே பி பக்கமும் மனப்பாடம் ஆனது.

அதே காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பேப்பரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் ஏற்கெனவே பிடித்த பாட்டை மட்டுமே எழுதினார்கள். இப்போது நாம் எல்லோரும் அந்தப் பட்டியல்காரர்கள் ஆகிவிட்டோம். செயலியில் ஓர் இசையமைப்பாளரின் பக்கத்தைத் திறந்தால் அதிகம் கேட்ட பாட்டு மேலே நிற்கிறது. மேலே நிற்பதாலேயே இன்னும் அதிகம் பேர் அதைத் தொடுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. பழைய பாட்டுகளில் முன்னிசையே அதற்கு மேல் போவது சகஜம். குரல் வருவதற்குள் நாம் அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். அந்தப் பாட்டு கணக்கிலும் ஏறாது, காதிலும் ஏறாது.

முதலில் போனைச் சரிபண்ணுங்கள்

பாட்டு வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிளை நிறுத்துங்கள். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடுகிற வசதியையும் நிறுத்துங்கள். இதை விட்டால், ஆறாவது பாட்டு முடிந்து ஒரு நொடியில் உங்களுக்குத் தெரிந்த ஹிட் ஒன்று வந்து, கேட்டதையெல்லாம் துடைத்துவிட்டுப் போய்விடும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கிவிடுகிற கிராஸ்ஃபேடு இருந்தால் அதுவும் வேண்டாம்.

அடுத்து, சரியான பக்கத்தைத் திறக்க வேண்டும். பழைய படங்களைத் தேடினால் 'ஹிட்ஸ்' என்று முடிகிற தொகுப்புகள்தான் முதலில் வந்து நிற்கும். அவை நமக்கு ஆகாது, ஏனென்றால் யாரோ ஒருவர் ஏற்கெனவே வடிகட்டிவிட்டார். படத்தின் பெயரிலேயே உள்ள பக்கத்தைப் பிடியுங்கள். அதிலும் பாட்டு விட்டுப்போயிருக்கும், பாடகர் பெயர் மாறியிருக்கும். வீட்டுப் பரணில் கேசட் பெட்டி இருந்தால், டேப்பை ஓட்ட முடியாவிட்டாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் உறைத்தாளை எடுத்துப் பாருங்கள். பாட்டு வரிசையும் பாடியவர்களும் அதில் இருக்கும். செயலியில் போட்டிருப்பதைவிட அதை நம்பலாம்.

முதல் சில முறை வீடியோ வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறார். படமாக்கியது சுமாராக இருந்தால் நல்ல பாட்டும் சேர்ந்து கெட்டுப்போகும். நன்றாகப் படமாக்கியிருந்தால் சுமாரான பாட்டும் தப்பித்துவிடும். இரண்டுமே நமக்கு இடைஞ்சல். யூட்யூப்தான் இருக்கிறது என்றால் ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள்.

ஏற்காடு மலைக்குப் போவதாக இருந்தால் பாட்டுகளை அடிவாரத்திலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். 160 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டுக்கு 1.2 எம்பி ஆகும். அரை மணி நேர ஆல்பம் 36 எம்பிதான். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வீடியோ அதைவிட அதிகம் தின்கிறது.

எதில் தொடங்குவது

முன்பின் தெரியாத படத்தில் தொடங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே உயிரான ஒரு பாட்டு எந்தப் படத்திலிருக்கிறதோ, அந்தப் படத்திலேயே ஆரம்பியுங்கள். அதே இசையமைப்பாளர், அநேகமாக அதே வாத்தியக்காரர்கள், அதே சில மாதங்களில் செய்த வேலை. பிடித்த பாட்டில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எதுவோ, அது வேறு வேஷத்தில் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

இருவர் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் வந்தது, ரஹ்மான் இசை, வைரமுத்து பாட்டுகள். உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய 'நறுமுகையே' தெரியாதவர் குறைவு. அதே தொகுப்பில் சந்தியா பாடிய 'பூக்கொடியின் புன்னகை' இருக்கிறது. ஆஷா போஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா' இருக்கிறது. அரவிந்த்சாமி குரலில் கவிதையாகவே ஒலிக்கிற 'உடல் மண்ணுக்கு' இருக்கிறது. பாட்டாக எதிர்பார்த்துப் போகிறவர், பேச்சு வந்ததும் தள்ளிவிடுவார். தள்ளாமல் இருந்து பாருங்கள். ஒரே படத்துக்குள் பழைய சினிமாவின் வாசனையும் மேடைப் பேச்சின் முழக்கமும் இத்தனை விதமாக வருகிறது என்பது ஒரு பாட்டை மட்டும் கேட்டால் தெரியவே தெரியாது.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு, அதுவும் ஏற்காடு போகிற ரோட்டிலேயே. மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. டி. ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றின் பாட்டுகள் என்று கேட்டால் ஊரில் பெரும்பாலோர் 'வாராய் நீ வாராய்' என்பதோடு நின்றுவிடுவார்கள். அது 1950-இல் வந்த மந்திரி குமாரி படத்தில், ஜி. ராமநாதன் இசையில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அதே படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'அன்னமிட்ட வீட்டிலே' என்று ஒரு பாட்டு உண்டு. பிற்காலத்தில் எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் கணீரென்று பாடிய குரல், அந்தக் கம்பீரம் வந்து உட்கார்வதற்கு முன் எப்படி இருந்தது என்று கேட்க அது ஒன்றே போதும். பதிவு பழையது, கரகரப்பு இருக்கும். இரண்டு நிமிஷத்தில் காது பழகிவிடும்.

அந்தக் காலப் பாட்டுகளில் ஒரு வசதி, அவை நீளாது. 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷம்தான் கொள்ளும், அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். படத்துக்குப் பத்துப் பாட்டு இருந்தாலும் அரை மணி நேரத்தில் கேட்டு முடிக்கலாம். அறுபதுகள் பிடிக்கும் என்றால் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வேதா இசையமைத்த படங்களுக்குப் போங்கள். 1966-இல் வந்த வல்லவன் ஒருவன் படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை'யைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையலாம். வேதாவின் மெட்டுகள் பலவும் இந்தியிலிருந்து வந்தவை என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் கேட்பதற்கு அது தடையில்லை, மூலத்தையும் தேடிப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒன்றுக்கு இரண்டு.

ஆல்பத்தைப் பிடித்த பிறகு, கடைசிப் பாட்டிலிருந்து மேலே வாருங்கள். விற்கக்கூடிய பாட்டைத்தான் பொதுவாக முதலில் வைப்பார்கள். மேலிருந்து தொடங்கினால் தெரிந்த பாட்டிலேயே திருப்தி வந்துவிடும், மூன்றாவதில் போன் வந்துவிடும், நாலாவது எந்நாளும் நாலாவதாகவே இருக்கும்.

மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம்

ஒரு புதுப் பாட்டை ஒரே தடவையில் எடைபோடாதீர்கள். முதல் முறை கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காது தடுமாறிக்கொண்டிருக்கும். ரசிப்பதற்கு அதற்கு நேரமே இருக்காது. இரண்டாம் முறை பல்லவி திரும்பி வரும் இடம் தெரிகிறது. மூன்றாம் முறைதான் பாட்டு உங்களிடம் பேசுகிறதா இல்லையா என்று சொல்ல முடியும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கக் கூடாது, ஒன்றிரண்டு நாள் இடைவெளி வேண்டும்.

அப்படியானால் பத்து முறை கேட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதில்லை. ராபர்ட் சையோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பேர்போனது. ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அது பிடிக்க ஆரம்பித்துவிடும் என்று அவர் காட்டினார். அதாவது பழக்கமே பாதி விருப்பம். இது நல்ல பாட்டுக்கு மட்டுமல்ல, மோசமான பாட்டுக்கும் வேலை செய்யும். படம் வருவதற்கு முன் ஒரு பாட்டை டிவியிலும் ரீல்ஸிலும் ஏன் அரைத்து அரைத்துப் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பத்து முறை கேட்டுவிட்டுப் பிடிக்கிறது என்றால் அது பாட்டின் திறமையா, பழக்கத்தின் வேலையா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. தடுமாற்றம் தீர மூன்று போதும், மயக்கம் ஏற மூன்று போதாது. அதனால்தான் அந்த எண்.

முதல் முறை எங்கே கேட்பது? பஸ்ஸில் வேண்டாம். எஞ்சின் இரைச்சலில் அடிக்குரலும் பேஸ் கிதாரும் கரைந்துபோகும். அதை ஈடுகட்ட ஒலியை ஏற்றுவீர்கள், காது சோர்ந்துவிடும், சோர்ந்த காதுக்கு எந்தப் புதுப் பாட்டும் தொந்தரவுதான். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. இரைச்சலுக்கு மேல் ஏற்றிக் கேட்கிற பழக்கம் இருந்தால் அந்த எல்லையைத் தாண்டியதே தெரியாது. கண்ணங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்கள் காலையில் மூக்கனேரிக் கரையில் நடக்கும்போது கேட்கலாம். மற்றவர்களுக்கு மொட்டை மாடி.

இரண்டாம் முறைக்கு என் சிபாரிசு விநோதமாகத் தோன்றும். கை ஓயாமல் வேலை இருக்கும்போது கேளுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு கொலுசுப் பட்டறை உண்டு. காலையில் ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகினால் விளக்கு வைக்கிற வரை ஓடும். சலங்கை பற்றவைக்கிறவருக்கு ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் நெருப்பு. கண் அந்தக் கடுகளவு இணைப்பிலிருந்து நகரக் கூடாது. தெரியாத பாட்டு ஒன்று வந்தபோது, "மாத்தட்டுங்களாண்ணா?" என்று எழுந்தேன். "உக்காருங்க தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும். யாரு எந்திரிச்சு மாத்தறது? நாலு நாள் ஓடுச்சுன்னா அப்பறம் அதத்தான் காணோம்னு தேடுவோம்" என்றார், நிமிராமலே. கேசட் செய்த உபகாரத்தை அந்தப் பட்டறையில் நெருப்பு செய்கிறது. தள்ளிவிட முடியாத நிலைமை ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாவு பிசைகிற கை, துணி துவைக்கிற கை, இஸ்திரி போடுகிற கை எல்லாமே பொருந்தும். போனை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். விசைத்தறிக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. தறி ஓடுகிற இடத்தில் எந்தப் பாட்டும் கேட்காது, தறியின் தாளம்தான் கேட்கும்.

மூன்றாம் முறை, சும்மா உட்கார்ந்து கேளுங்கள். வரிகளைத் தேடிக் கண் முன்னால் வைத்துக்கொள்ளலாம். முந்தைய இரண்டு முறையும் குரலைத்தான் பின்தொடர்ந்திருப்பீர்கள். இந்த முறை குரல் நிற்கிற இடங்களைக் கவனியுங்கள். பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் இடையே ஓர் இடையிசை, முதல் சரணத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே இன்னொன்று. எழுபதுகளின் கடைசியிலிருந்து வந்த இளையராஜா பாட்டுகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். முதலில் வயலின்கள் வந்திருந்தால் இரண்டாவதில் புல்லாங்குழலோ கிதாரோ வேறு கதை சொல்லும். அதிகம் பேசப்படாத பாட்டுகளில் பல்லவி சாதாரணமாக இருந்து, இரண்டாவது இடையிசையில் மொத்தச் சரக்கையும் இறக்கி வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். பல்லவியோடு தள்ளிவிட்டவர்களுக்கு அது கிடைக்காது.

வாத்தியம் இல்லாமை கூடக் கவனிக்க வேண்டிய விஷயம்தான். 1993-இல் வந்த திருடா திருடா படத்தில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' முழுக்க முழுக்கக் குரல்களாலேயே கட்டியது. முதல் தடவை கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். என்ன குறைகிறது என்று தெரிந்த பிறகு கேட்டால், கோரஸ் எங்கெங்கே வாத்தியத்தின் இடத்தை நிரப்புகிறது என்பதிலேயே காது போய் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்காடு போகிற வழியில் கேட்பவர்களுக்கு

மலைப் பயணத்தில்தான் ஆல்பம் முழுதாகக் கேட்க நேரம் கிடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். நேரம் கிடைப்பது நிஜம். அஸ்தம்பட்டி தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏரிக்கரையில் இறங்குவதற்குள் ஒரு படம் முழுதாக முடிந்து அடுத்ததும் பாதி ஓடிவிடும். ஆனால் புதுப் பாட்டுக்கு அது சரியான நேரம் இல்லை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து காது அடைக்கும். அடைத்த காதுக்கு எல்லாப் பாட்டும் அடுத்த வீட்டில் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். ஏறும்போது தெரிந்த பாட்டைப் போடுங்கள். விட்டுப்போன சத்தத்தை ஞாபகமே நிரப்பிக்கொள்ளும். மேலே போய் எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டு, டீ குடித்துக் காது திறந்த பிறகு புதியதை எடுங்கள்.

மேலேயும் இடம் பார்த்து உட்கார வேண்டும். படகுத் துறைப் பக்கம் கடைக்குக் கடை ஸ்பீக்கர். மே மாதக் கோடை விழா சமயத்தில் சொல்லவே வேண்டாம். சேர்வராயன் கோயில் போகிற வழியில் காபித் தோட்டங்களை ஒட்டிய கிளைச் சாலைகள் அமைதியானவை. அங்கே நடக்கும்போது ஒரு காதை மட்டும் மூடுங்கள், வளைவில் வண்டி வந்தால் ஹாரன் கேட்க வேண்டும். பைக்கில் ஏறுகிறவர்கள் இயர்போனைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் எதிர்வண்டியின் ஹாரன்தான் உங்களுக்குக் கண்.

பனி இறங்குகிற மாதங்களில் போகிறீர்கள் என்றால் வார்த்தை இல்லாத ஆல்பம் ஒன்றைக் கொண்டு போங்கள். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' நல்ல தொடக்கம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கியது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' அதற்கு அடுத்து. இவற்றில் ஹிட் பாட்டு என்று தனியாக ஒன்று இல்லாததால் எதையும் தள்ளத் தோன்றாது. ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்கிற பழக்கம் இங்கே வந்துவிட்டால், படப் பாட்டுத் தொகுப்புகளுக்குத் திரும்பும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவது

இதில்தான் புதியவர்கள் சொதப்புவார்கள். ஒரு பாட்டு பிடித்துப்போனதும் காரில் எல்லோரையும் நிறுத்தி, "இதக் கேளுங்க, செம்மையா இருக்கும், வாயத் திறக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். பாட்டு பாதி ஓடுவதற்குள் பின் சீட்டிலிருந்து, "இது யாரு பாட்டு? சுசீலா பாட்டு இருந்தா போடு கண்ணு" என்று அம்மா சொல்லிவிடுவார். ஆல்பம் அத்தோடு முடிந்தது.

அறிவிப்பே வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் புதியதைச் செருகிவிட்டுச் சும்மா இருங்கள். முதல் பாட்டில் கிடைத்த நல்ல மனநிலை இதைத் தாங்கும். மூன்றாவதாக என்ன வருமோ என்று காத்திருப்பார்கள், மாற்றச் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறையும் அதே வரிசையில் போடுங்கள். என்றைக்காவது யாராவது, "அன்னிக்குப் போட்டியே, அது என்ன பாட்டு?" என்று கேட்டால் அப்போது படம், வருஷம், பாடியவர் எல்லாம் சொல்லலாம். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பாட்டு என்ன ரேஷன் அரிசியா, எல்லோருக்கும் கட்டாயம் போய்ச் சேர?

பிடித்ததைக் குறித்து வைப்பது நல்லது. படம், வருஷம், இசையமைப்பாளர், பாடியவர், கூடவே எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்கிற கணக்கு வேண்டாம், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அதற்கு அர்த்தமே இருக்காது. 'இரண்டாவது சரணத்துக்கு முன் ஷெனாய்' என்று எழுதி வைத்திருந்தால் உடனே பாட்டு காதில் வந்துவிடும். குரலையோ வாத்தியத்தையோ பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போகவும் அந்த ஒரு வரி உதவும்.

பிடிக்காததை விடுவதிலும் தயக்கம் வேண்டாம். மூன்று முறை, சரியான இடத்தில், சரியான காதோடு கேட்டும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பாட்டோடு உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆறு பாட்டில் ஒன்று தேறினால் அது நல்ல ஆல்பம். இரண்டு தேறினால் அந்த இசையமைப்பாளரின் அந்த வருஷத்துப் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிடுங்கள். ஒன்றுமே தேறாத ஆல்பங்களும் வரும். அடுத்ததற்குப் போங்கள்.

புதுப் படங்களுக்கு மட்டும் ஒரு மாற்றம்

இப்போது படம் வருவதற்குச் சில மாதம் முன்பே முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள் என்று ஒவ்வொன்றாக விடுகிறார்கள். முழு ஆல்பம் வரும் நாளில் அவை ஏற்கெனவே தேய்ந்திருக்கும், மீதிப் பாட்டுகள் படத்தின் பரபரப்பில் அடிபட்டுப் போகும். எனவே ஆல்பம் வந்ததும், சிங்கிளாக வராத பாட்டுகளை மட்டும் தனிப் பட்டியலில் போட்டு, படம் பார்ப்பதற்கு முன் ஒரு முறை கேளுங்கள். மற்ற இரண்டு முறையைப் படம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கதையோடு ஒட்டிய பாட்டு எது, கதை இல்லாமலும் நிற்கிற பாட்டு எது என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம். தியேட்டரில் வெட்டிவிட்ட பாட்டு ஆல்பத்தில் இருக்கும். படத்தில் ஒரே ஒரு நிமிஷம் வந்து மனசைக் கிள்ளிய பிட் பாட்டு ஆல்பத்தில் இல்லையென்றால் சில வாரம் பொறுத்து, படத்தின் பெயரோடு 'ஓஎஸ்டி' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். பின்னணி இசையைத் தனியாக வெளியிடும்போது அதையும் பெரும்பாலும் அங்கேதான் சேர்த்து வைப்பார்கள்.